மலையில் இரண்டாவது வீடு, சர்ச் நிலம், அடிமனை: இணைய நிலப் பதிவேடுகள் எதுவரை துணைக்கு வரும்?

கொடைக்கானல், குன்னூர், ஏற்காடு பக்கம் வீடு தேடுகிறவர்களிடம் தரகர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "சர்ச் இடம் சார், நீண்ட காலக் குத்தகை, வெளியில் விற்கிற விலையில் பாதிதான்." அது உண்மையா என்று பார்க்க வக்கீல் அலுவலகத்துக்குப் போகும் முன்பே இரண்டு அரசு சேவைகள் கையில் இருக்கின்றன. ஒன்று வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளம்: பட்டா, சிட்டா, அ-பதிவேடு (புல எண்வாரியான நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்). மற்றொன்று பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட்: வில்லங்கம் (ஒரு சொத்தில் பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்), வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு), பத்திர நகல். பார்வையிடக் கட்டணம் இல்லை. சான்றொப்பமிட்ட நகலுக்கு மட்டுமே பணம் கட்ட வேண்டும்.

இந்த மதிப்புரை இரண்டு பேரை மனதில் வைத்து எழுதப்படுகிறது. ஒருவர், மலையில் இரண்டாவது வீடு வாங்க நினைப்பவர். இன்னொருவர், தன் சபையின் நிலம் யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது என்று கேட்கும் சபை உறுப்பினர், அல்லது அந்த நிலத்தில் அடிமனை வாடகை, அதாவது மண்ணுக்கு மட்டுமான வாடகை, கட்டிக் குடியிருப்பவர். முதலாமவருக்கு இந்தச் சேவைகள் நன்றாகவே உதவுகின்றன. மற்றவர்களுக்குப் பாதி வழி வரைக்கும்தான்.

மலை வீடும் மிஷன் நிலமும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல. கொடைக்கானலில் முதல் பங்களாக்கள் 1845-இல் எழுந்தன. மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப அமெரிக்க மதுரை மிஷன் கட்டிய கோடை வீடுகள் அவை. ஏரியைச் சுற்றியும் செண்பகனூர்ச் சரிவிலும் பள்ளி, விடுதி, ஓய்வில்லம் எனத் திருச்சபை நிறுவனங்கள் இடம்பிடித்தது அதன் தொடர்ச்சி. மலையில் நல்ல இடம் என்று எதைக் கேட்டாலும், அதன் பழைய பத்திரத்தில் ஒரு மிஷனின் பெயரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரோ எட்டிப் பார்ப்பது சகஜம்.

முதலில் இ-சர்வீசஸ். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணோ புல எண்ணோ கொடுத்து, செல்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பட்டா வந்துவிடும். நகராட்சிப் பகுதி என்றால் நகரம், வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று வேறு வரிசை. தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தரகர் தரும் பழைய பத்திரத்தில் கிராமப் புல எண் இருக்கும். இடமோ நகர அளவைக்குள் வந்து எண் மாறியிருக்கும். அந்தப் பழைய எண்ணைத் தளத்தில் போட்டால் "பதிவு இல்லை" என்று வரும், அல்லது வேறொருவர் நிலம் வந்து நிற்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் புல எண்களும் மாறியிருக்கின்றன. பட்டாவில் பெயர்ப் பிழைகள் புகுந்ததும் அப்போதுதான் அதிகம். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்குமான ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

பட்டாவைவிட அ-பதிவேட்டைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பலர் அதைத் திறப்பதே இல்லை. புல எண், உட்பிரிவு, பழைய புல எண், ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) அரசா, நன்செய்யா புன்செய்யா, தீர்வை, பரப்பு, பட்டா எண், கடைசியில் குறிப்பு. அந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இரண்டு சொல் ஒரு வீட்டின் விலையையே மாற்றிவிடும். "புறம்போக்கு" என்றிருந்தால் அது அரசு இடம். மிஷன் அங்கே நூறு வருடம் பள்ளி நடத்தியிருந்தாலும் அதை மிஷன் விற்க முடியாது. நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட இடம் என்றால், பள்ளிக்கென்றோ மருத்துவமனைக்கென்றோ கொடுத்ததை விடுதியாக்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சமவெளிக் கிராமங்களில் பஞ்சமி நிலக் குறிப்பும் இதே கட்டத்தில்தான் வரும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையும், அதன் பக்கம் நின்ற மிஷனரிகளின் வற்புறுத்தலும் சேர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென வந்த நில ஒப்படை அது. நிலமற்றவருக்கு நிலம் கேட்டு வாதாடிய ஒரு மரபு திருச்சபைக்கு இருக்கிறது. இன்று அதன் சொத்துகளைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

புலப்படத்தையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மலைச் சரிவில் எல்லைக் கற்கள் நகர்ந்திருக்கும். வரைபடத்தின் அளவு ஒன்று, வேலி போட்ட இடம் வேறொன்று என்பது சாதாரணம். சர்வேயரை வைத்து அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இனி டிஎன்ரெஜிநெட். வில்லங்கம் பார்க்க மண்டலம், பதிவு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேதி வரம்பு, கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவை வேண்டும். பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரத்தின் முத்திரையில் உள்ள அலுவலகப் பெயரையே பிடித்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு விஷயத்திலும் கவனம் வேண்டும். இன்று 45/2ஏ1 என்று இருப்பது முன்பு வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். இரண்டையும் தனித்தனியே தேடினால்தான் முழு வரலாறு வரும். புது எண்ணை மட்டும் தேடி "சுத்தமான இடம்" என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

வரும் பட்டியலில் ஆவண எண், ஆண்டு, தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண் எல்லாம் இருக்கும். முந்தைய ஆவண எண்தான் இந்தச் சேவையிலேயே மிகப் பயனுள்ள கட்டம். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போனால் மூலப்பத்திரம் வரை எட்டலாம். பெரும்பாலான அலுவலகங்களில் இணையத் தேடல் 1975-இலிருந்துதான். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கைத்தேடலாகத்தான் வாங்க வேண்டும்.

சர்ச் நிலத்தில் இந்த 1975 எல்லை பெரிய பிரச்சினையாகிறது. மிஷன் 19-ஆம் நூற்றாண்டில் வாங்கியோ மானியமாகப் பெற்றோ வைத்திருக்கும் நிலத்தில் அதற்குப் பிறகு எந்தப் பரிமாற்றமும் நடந்திருக்காது. தேடினால் "வில்லங்கம் ஏதுமில்லை" என்று வரும். விற்பவர் அந்தத் தாளை நீட்டி "பாருங்க, சுத்தமா இருக்கு" என்பார். வில்லங்கச் சான்று பரிமாற்றங்களின் பட்டியல் மட்டுமே. நிலம் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. ஒன்றுமே இல்லாத சான்றுக்கு, அந்தக் காலத்தில் ஒன்றும் பதிவாகவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. மிஷன் நிலம் பெற்ற அந்தப் பழைய பத்திரத்தின் சான்றொப்ப நகல் கையில் வராதவரை அந்த நிலத்துக்கு இன்னும் உரிமை காட்டப்படவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

உயில் இந்தப் பட்டியலில் வராது. அது வேறு புத்தகம். நீதிமன்ற வழக்கும் வராது. திருச்சபைச் சொத்துகளில் வழக்குகள் ஏராளம் என்பதால், நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் மறைமாவட்டம், பேராயம் (தென்னிந்தியத் திருச்சபையின் மறைமாவட்டம்), அறக்கட்டளை என எல்லாப் பெயர்களிலும் தரப்பினர் தேடல் செய்துவிட வேண்டும். பெயரை ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்களில் போட்டுப் பாருங்கள். அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

குத்தகைக்கு வருவோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதனாலேயே 11 மாத ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அது எந்த வில்லங்கத்திலும் தென்படாது. நீண்ட குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 30 ஆண்டுக்குக் கீழ் 1 சதவீதம், 99 ஆண்டு வரை 4 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம். வாடகை, பிரீமியம், முன்பணம் எல்லாம் சேர்ந்த தொகையின் மீது. 29 ஆண்டுக் குத்தகைகள் ஏன் கண்ணில் படுகின்றன என்பது இதிலிருந்தே புரியும். ஆனால் 29 ஆண்டுக் குத்தகையில் 12 ஆண்டு கழிந்த வீட்டை "சொந்த வீடு மாதிரி" என்று கொடுத்தால், வங்கி கடன் தரத் தயங்கும். மண் உங்களுடையது அல்ல. குத்தகை முடிந்ததும் கட்டடம் யாருக்கு என்பதும் குத்தகைப் பத்திரத்தின் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் அது பாதி விலையா முழு விலையா என்று தீர்மானிக்க முடியாது.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது இன்னொரு கேள்வி. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்க 1947-இல் நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான டிரஸ்ட் அசோசியேஷன் இருக்கிறது. பேராயத்தில் பதவியில் இருப்பவர் என்பதாலேயே ஒருவர் அதன் சார்பில் கையெழுத்திட முடியாது. அதிகாரப் பத்திரமும் தீர்மான நகலும் வேண்டும். கத்தோலிக்கத் தரப்பில் நிலம் மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கலாம், துறவற சபை நடத்தும் சங்கத்தின் பெயரிலும் இருக்கலாம். பட்டாவில் இன்னும் கலைந்துபோன மிஷனின் பெயரே நிற்கிறது என்றால், அங்கிருந்து இன்றைய உரிமையாளர் வரைக்குமான சங்கிலியை அவர்கள்தான் காட்ட வேண்டும். உரிமையாளர் ஒரு கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் பொது ஆவணங்களைத் திறக்கலாம்: இயக்குநர்கள் யார், தாக்கலான கணக்குகள் என்ன, எந்த ஆண்டுக் கணக்கு விடுபட்டிருக்கிறது. சபை உறுப்பினர்கள் இதைப் பயன்படுத்துவது அரிது. பயன்படுத்த வேண்டும்.

சேவையின் குறையா சட்டத்தின் குறையா என்று பிரிக்க முடியாத ஓர் இடத்துக்கு இப்போது வருகிறோம். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ பிரிவு, அறநிலையத் துறைக்குட்பட்ட கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம், அரசு நிலம் ஆகியவற்றை உரிய அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ வரும் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்கச் சொல்கிறது. நடைமுறையில் அந்தப் புல எண்களுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யமாக்கி வைக்கிறார்கள். டிஎன்ரெஜிநெட்டில் மதிப்பு தேடினாலே ஏதோ தடை இருப்பது தெரிந்துவிடும். சில நேரம் ஒரு புல எண்ணின் ஒரு மூலை மட்டும் கோயிலுக்குரியதாக இருக்க, எண் முழுவதையும் பூஜ்யமாக்கி, பக்கத்திலுள்ள பட்டாதாரர்களை அலையவிடுவதும் நடக்கிறது. இருந்தாலும் அது ஒரு காவல்தான். சர்ச் நிலம் அந்தப் பட்டியலில் இல்லை. கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. சர்ச் நிலத்துக்கு அப்படி ஓர் அலுவலகமே கிடையாது. சபைக்குள் பொறுப்பில் இருக்கும் நாலு பேர் சேர்ந்து மலையின் நல்ல இடத்தை ஒரு விடுதிக்காரருக்குக் கொடுத்துவிட்டால், உறுப்பினருக்கு அது தெரியவருவது ஜேசிபி வந்து நிற்கும்போதுதான்.

கோயில் நிலம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் என்று அரசே சொல்கிறது. நில விவரங்களை அறநிலையத் துறையின் தளத்தில் கோயில்வாரியாகப் பார்க்கலாம். சர்ச் நிலத்துக்கு அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி புகுந்துகொள்கிறது. நாடு முழுக்கத் திருச்சபைக்கு 7 கோடி ஹெக்டேர் என்ற எண் கைப்பேசிகளில் சுற்றியது. இந்தியாவின் மொத்தப் பரப்பே சுமார் 33 கோடி ஹெக்டேர்தான். நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சர்ச்சுக்கு என்பது நம்பத்தக்கதே அல்ல. சொத்துப் பட்டியலை வெளியிடாததால் வெறுப்புப் பேச்சுக்கும் இடம் கிடைக்கிறது, உள்ளே நடக்கும் முறைகேட்டுக்கும் இடம் கிடைக்கிறது. பட்டியலை வெளியிட்டால் நேர்மையாக நடத்தும் சபைகளுக்குத்தான் முதல் நன்மை.

பாதிக்கப்படுவது யார் என்று பார்த்தால் அடிமனைக்காரர்கள். சமய நிறுவனத்தின் மண்ணில் வாடகை கட்டி, மேலே தன் காசில் வீடு எழுப்பிக் குடியிருக்கும் குடும்பங்கள். 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இப்படிக் கட்டியவருக்கு அந்த மண்ணையே விலைக்குக் கேட்கும் உரிமையைத் தந்தது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கியது. சமய சொத்து கரையக் கூடாது என்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் இரண்டு தலைமுறையாக இருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அதே நிலத்தின் மறுபக்கத்தை வெளியூர்க்காரரின் கோடை வீட்டுக்கு நீண்ட குத்தகைக்கு விட எந்தத் தடையும் இல்லை. இதைச் சமன் என்று சொல்ல முடியாது. இரண்டு தளங்களிலும் இந்த அடிமனைக்காரரின் பெயர் எங்குமே வராது. பட்டாவில் நிறுவனத்தின் பெயர், வில்லங்கத்தில் ஒன்றுமில்லை. சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும்தான் அவர்களிடம் இருக்கும் ஆதாரம். நகராட்சிகளின் சொத்து வரித் தளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு ரசீதுகளை ஆண்டுவாரியாக எடுத்து வைத்துக்கொள்வது அவர்களுக்குச் சொல்லக்கூடிய முதல் யோசனை.

காலி வீடுகள் பற்றியும் பதிவேடுகளில் ஒரு சொல் இல்லை. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் மலை வீடும், ஆள் குடியிருக்கும் வீடும் சொத்து வரியில் ஒன்றே. காலி மனைக்கு வரி உண்டு, காலி வீட்டுக்குத் தனி விகிதம் இல்லை. வருமான வரியிலும், 2019 பட்ஜெட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கும் உத்தேச வாடகை கணக்கிட்டு வரி போடுவதில்லை. வேல்ஸ் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீட்டுக்கு உள்ளூர் வரியின் மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கே அதற்கு அடிப்படை, எந்த வீடு இரண்டாவது வீடு என்று மன்றத்திடம் இருக்கும் பதிவு. நம் பதிவேட்டில் அந்தக் கட்டமே இல்லாதபோது, கொடைக்கானல் தோட்டத் தொழிலாளியும் ஓட்டுநரும் வாடகை வீடு கிடைக்காமல் ஏன் தவிக்கிறார்கள் என்பதற்கு எண்ணால் பதில் சொல்ல முடியாது.

வாங்குபவருக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. மலைக் கிராமமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மனைப்பிரிவுக்கு, 1990-இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பட்டாவும் வில்லங்கமும் ஒழுங்காக இருந்தாலும் கட்டட அனுமதி இருக்கிறதா என்பதை இந்தத் தளங்கள் காட்டாது. 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்களுக்குப் பூட்டுப் போட்டார்களே, அவற்றை நம்பி முதலீடு செய்தவர்களுக்கும் பத்திரம் இருந்தது. அனுமதி வரைபடத்தின் நகலை நகராட்சியில் நேரில் கேளுங்கள்.

சேவைகளின் அன்றாடத் தரம் பற்றிச் சுருக்கமாக: பட்டா பார்ப்பது வேகம். வில்லங்கத் தேடல் வேலை நேரத்தில் திணறும். காலையிலோ இரவிலோ முயலுங்கள். நீண்ட கால வரம்பைப் பத்துப் பத்தாண்டாகப் பிரித்துத் தேடினால் பட்டியலைப் படிப்பதும் எளிது. தமிழ் வடிவம் நன்றாகவே இருக்கிறது. பெயர்களில்தான் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கின்றன. வழிகாட்டி மதிப்புத் தேடல் குறை சொல்ல முடியாதது.

பெரிய குறை ஒன்றுதான்: ஓர் உரிமையாளரின் பெயரைப் போட்டு மாநிலம் முழுக்கத் தேட வழியில்லை. தனிநபருக்கு அந்த மறைவு நியாயம். அறக்கட்டளை, கம்பெனி, திருச்சபை, மடம் போன்றவற்றுக்கு அது எதற்கு?

அப்படி ஒரு பெயர்த் தேடல் வரும்வரை சபை உறுப்பினருக்கு இருக்கும் வழி தகவல் உரிமைச் சட்டம். திருச்சபையிடம் கேட்டால் "நாங்கள் பொது அதிகார அமைப்பு அல்ல" என்ற பதில் வரலாம்; ஆகவே வட்டாட்சியரிடம் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மனுவில் "சர்ச் நிலங்களின் விவரம்" என்று பொதுவாக எழுதினால் தட்டிக் கழித்துவிடுவார்கள். கிராமத்தின் பெயரைச் சொல்லி, இன்ன நிறுவனத்தின் பெயரிலுள்ள பட்டா எண்கள், அவற்றின் அ-பதிவேட்டு நகல், அரசு நிலம் குத்தகைக்கோ ஒப்படையாகவோ தரப்பட்டிருந்தால் அதன் ஆணை எண்ணும் நிபந்தனைகளும் என்று தனித்தனி எண்ணிட்டுக் கேளுங்கள். பதில் வந்ததும் அந்தப் புல எண்களை டிஎன்ரெஜிநெட்டில் போட்டு, கைமாற்றுத் தொகையையும் சந்தை மதிப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்து, அது பொது அறக்கட்டளைச் சொத்தாகவும் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம். அதற்கு வக்கீல் முதலில் கேட்கப்போவது, நீங்கள் இலவசமாக எடுத்து வைத்திருக்கும் இந்தத் தாள்களைத்தான்.